புறாவுக்கு இரண்டு சொல்

எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். சிலருக்குச் சீனி வருத்தம், சிலருக்குப் பிரஷர், எனக்கு இது.

எண்பத்தாறில் நான் மொன்றியலுக்கு வந்தபோது என்னோடு வந்த பெடியள் பலர் ஆங்கிலம் போதும் என்று ரொறன்ரோவுக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். நான் ஏழு மாதம் அரசாங்க வகுப்பில் உட்கார்ந்து இலக்கணத்தோடு பிரெஞ்சு படித்தேன். பிறகு டோர்வலில், விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை. அங்கேயும் மேலாளர் ஒட்டுகிற அறிவித்தல்களில் எழுத்துப்பிழை கண்டால் பேனாவால் திருத்திவிட்டுத்தான் உள்ளே போவேன். கடைசிவரைக்கும் எனக்குப் பதவி உயர்வு வராததற்கு அந்தப் பேனாதான் காரணம் என்று என் மனைவி ஜெகதீஸ்வரி சொல்லுவாள். இருக்கலாம்.

இப்போது ஓய்வு. எங்கள் கட்டடத்தில் பதினாறு தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. யாருக்குப் பிரெஞ்சில் கடிதம் வந்தாலும் அது நாலாம் மாடிக்கு என்னிடம் வரும். நான் வாசித்துச் சொல்லி, படிவத்தை நிரப்பி, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போல ஒரு சின்னப் புள்ளடி போட்டுக் கொடுப்பேன். அவர்கள் அதற்கு மேலே கையெழுத்து வைப்பார்கள். தேத்தண்ணி தவிர வேறொன்றும் வாங்குவதில்லை. ஆனால் "இரவியண்ணை இல்லாட்டி எங்கட கதி என்ன" என்று யாராவது சொன்னால் அன்று முழுக்க எனக்குப் பசிக்காது. ஆள் அப்படித்தான், மறைக்க என்ன இருக்கிறது?

அஞ்சலீனாவைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் என்னைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் இது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

அஞ்சலீனா மூன்றாம் மாடி. மன்னார்ப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம், கத்தோலிக்கக் குடும்பம். இரண்டாயிரத்து இரண்டில், சண்டை ஓய்ந்திருந்த கொஞ்ச நாளுக்குள், கிறகரி என்பவரைக் கட்டினாள். அவர் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். இரண்டு வருடத்தில் மெலனி பிறந்தாள். பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. ஊரைவிட்டு வன்னிக்குள் போனார்கள், வன்னிக்குள்ளேயே பத்து இடம் மாறினார்கள், கடைசியில் எல்லாச் சனத்தோடும் முள்ளிவாய்க்கால் மணலில் வந்து நின்றார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே பதினேழாம் திகதி வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது, இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் தாங்களாக வந்து பதியலாம், விசாரித்துவிட்டு விடுவோம் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். கிறகரி இயக்கத்தில் இருந்ததில்லை. ஆனால் அவர்களின் படகு எஞ்சின்களை அவர்கள் சொன்ன நேரத்தில் திருத்திக் கொடுத்திருக்கிறார். அங்கே மாட்டேன் என்று யார் சொல்வது? பின்னால் யாராவது காட்டிக்கொடுப்பதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்று போனார். நேர்மையான மனுசன். ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கையைக் காட்டினார். அஞ்சலீனா ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பஸ் எங்கே போனது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

முகாமில், கந்தோர்களில், தடுப்பு முகாம் வாசல்களில் படத்தைக் கொண்டு திரிந்தாள். ஒரு கந்தோரில் மரணச் சான்றிதழ் தரலாம், எடுத்துக்கொண்டு போ என்றார்கள். எடுக்கவில்லை. கடைசியில் அவளுடைய தமையன் ஒழுங்கு செய்ய, பிள்ளையோடு மொன்றியலுக்கு வந்து அகதியாகப் பதிந்தாள். பயணத்துக்காகத் தாலிக்கொடி போய்விட்டது. கொடியில் கோத்திருந்த தாலியை மட்டும் கொடுக்கவில்லை. முள்ளிவாய்க்காலில் அதை மெலனியின் சட்டைக் கரைக்குள் வைத்துத் தைத்திருந்தவள் எப்படிக் கொடுப்பாள்? இங்கே வந்து ஒரு மெல்லிய சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

எங்கள் சைவ ஆட்களின் தாலியில் பிள்ளையார் இருப்பார், அல்லது அம்மன் இருப்பா. கத்தோலிக்கர் சிலருக்குச் சிலுவை, சிலருக்குப் புறா. அஞ்சலீனாவுடையது புறா. பெருவிரல் நகமளவு பொன்னில், சிறகு விரித்தபடி, கீழே நாலைந்து கதிர்க் கோடுகளோடு இருக்கும். நான் அதை ஒரு நகையாகத்தான் பார்த்தேன். என் மனைவியின் பதினொரு பவுண் கொடி வங்கிப் பெட்டகத்தில் கிடக்கிறது. கலியாண வீடுகளுக்கு மட்டும் வெளியே வரும், திங்கட்கிழமை திரும்பிப் போய்விடும். தாலி என்றால் கழற்றி வைக்கிற பொருள் என்றுதான் எனக்குப் பழக்கம்.

இங்கே முதலில் மூன்று வருடம் விமான நிலையத்தில் கழிப்பறை துப்புரவு செய்தாள். பிறகு நாற்பது வயதில் மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளை பார்க்கும் வேலைக்கான சான்றிதழ் எடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும், வகுப்பு முடிந்த பிறகு தாய் தகப்பன் வரும்வரைக்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் வேலை. அதுவும் நிரந்தரமில்லை. யாராவது லீவு போட்டால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டில். அப்படி எட்டு வருடம்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. குளிர்காலத்தில் இருபது பிள்ளைகளுக்குப் பனிக்காற்சட்டை, சப்பாத்து, கையுறை, தொப்பி என்று மாட்டி வெளியே விட வேண்டும். மாட்டி முடிய ஒன்று மூத்திரம் என்னும், திரும்பவும் கழற்ற வேண்டும். ஒருநாள் குனிந்து ஒரு சின்னப் பெண்ணின் சிப் இழுக்கும்போது சட்டைக்குள் இருந்த சங்கிலி வெளியே வந்து ஆடியிருக்கிறது. அந்தப் பிள்ளை தாலியைப் பிடித்து இது என்ன என்று கேட்டது. அஞ்சலீனாவுக்குப் புறாவின் பிரெஞ்சுப் பெயர் தெரியும். எங்கள் கட்டடத்துப் பல்கணிகளில் புறாக்களுக்குச் சாப்பாடு போடக் கூடாது என்று பெரிய எழுத்தில் பலகை இருக்கிறது; அதில் படித்ததுதான்.

"பிஜோன்," என்றாள்.

அன்றிலிருந்து அவள் மதாம் பிஜோன். தாழ்வாரத்தில் அவளைக் கண்டால் பிள்ளைகள் பெருவிரல்களைக் கோத்து, கைகளைச் சிறகுபோல் அடித்துக் காட்டும். பிள்ளைகள் கீறிக் கொடுத்த புறாப் படங்கள் அவளுடைய குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுக்க ஒட்டியிருந்தன. சில புறாவுக்கு நாலு கால். இதை எங்கள் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கோ நாக்கு அரித்தது. பிஜோன் என்பது கூரையிலும் பல்கணியிலும் எச்சம் போடுகிற புறா. வெள்ளையாக, அழகாக, பொன்னில் செய்து கழுத்தில் போடுகிற புறாவுக்குப் பிரெஞ்சில் வேறு சொல் இருக்கிறது. சொல்ல வாயெடுத்தேன். ஜெகதீஸ்வரி என்னைப் பார்த்த பார்வையில் பேசாமல் தேத்தண்ணியைக் குடித்தேன்.

இந்தத் தை மாதம், அதாவது ஜனவரியில், அவளுக்கு நிரந்தர வேலை வந்தது. கடிதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நாலாம் மாடிக்கு வந்தாள். முதல் பக்கம் வாழ்த்து, இரண்டாம் பக்கம் நேரம், மூன்றாம் பக்கம் ஒரு உறுதிமொழி. இந்த மாகாணத்தின் புதுச் சட்டப்படி, புதிதாக நிரந்தரமாகிறவர்கள் வேலை நேரத்தில் மதச் சின்னம் எதுவும் அணிவதில்லை என்று எழுதித் தர வேண்டும். வெளியே தெரிந்தாலும் சரி, சட்டைக்குள் இருந்தாலும் சரி.

"என்ன கேக்கினம் அண்ணை?"

"சமயச் சின்னம் ஏதும் போடுறீரோ எண்டு. சிலுவை, தலைமுக்காடு, தலைப்பா, அப்பிடி."

"நான் சிலுவை போடுறேல்லையே. தாலிதான் கிடக்கு."

"தாலி கலியாணத்துக்குரியது. சமயத்துக்குள்ள வராது. நீர் ஒண்டும் யோசியாதையும்," என்றேன், ஏதோ சட்டத்தை நானே எழுதியது போல. 'இல்லை' என்ற கட்டத்தில் பென்சிலால் புள்ளடி போட்டுக் கொடுத்தேன்.

ஒரு கிழமை கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். கழுத்தில் ஒரு சங்கிலி கிடப்பதை அலுவலகத்தில் யாரோ கண்டிருக்கிறார்கள். சும்மா ஒரு சின்ன விளக்கம் வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்களாம். அவளுடைய பிரெஞ்சு அதற்குப் போதும். ஆனாலும் துணைக்கு வரச்சொல்லிக் கேட்டாள். எனக்கு அது பெரிய சந்தோசம். கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்துத் துடைத்துக்கொண்டு போனேன். தை இருபத்திரண்டு, வியாழக்கிழமை. பனி கொட்டி ஓய்ந்து வெயில் எறித்துக்கொண்டிருந்தது.

அதிபரின் பெயர் மதாம் தெரியோ. தமிழில் சொன்னால் கேள்வி கேட்பது போல இருக்கும். ஆனால் மனுசிக்கு எல்லாம் தெரியும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற வயது, நரைத்த கட்டை மயிர், முகத்தில் சிரிப்பு. அஞ்சலீனாவைக் கண்டதும் இரண்டு பெருவிரலையும் கோத்துச் சிறகடித்துக் காட்டினார். பிள்ளைகளிடமிருந்து பழகியிருக்கிறார்.

"அந்தப் புகழ்பெற்ற பிஜோனை நானும் பார்க்கலாமா?"

அஞ்சலீனா சட்டைக்குள்ளிருந்து சங்கிலியை எடுத்துக் காட்டினாள். மதாம் தெரியோ கண்ணாடி போட்டிருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே பார்த்தார்.

"இது உங்கள் திருமணத்தில் கட்டியதா?"

"ஓம் மதாம். திருமணம். பிஜோன்," என்றாள் அஞ்சலீனா பிரெஞ்சில்.

"பிஜோனை எந்தச் சமயத்தில் சேர்ப்பது? அப்படியானால் இந்த ஊர்க் கூரைகளெல்லாம் கோவில்தான்." சொல்லிச் சிரித்துக்கொண்டு, படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, என் பென்சில் புள்ளடிக்கு மேலே மையால் புள்ளடி போடுவதற்குப் பேனாவை எடுத்துவிட்டார். முடிந்தது. இன்னும் ஒரு நிமிடத்தில் நாங்கள் வெளியே போயிருப்போம்.

அவ்வளவு நேரமும் எனக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. கோட்டும் கழுத்துப்பட்டியுமாய்க் கதிரையில் சும்மா இருந்தேன். படித்த ஆள் ஒருவர் இந்த அறையில் இருக்கிறார் என்று அந்த மனுசிக்குத் தெரியவே போவதில்லை என்று எனக்குள் ஒரு புழுக்கம். வாய் தானாகத் திறந்தது.

"மன்னிக்க வேண்டும் மதாம். பிஜோன் என்பது சரியான சொல் அல்ல. இது ஒரு கொலோம்ப்."

பேனா நின்றது. மதாம் தெரியோ மேசையில் கிடந்த கண்ணாடியை எடுத்துப் போட்டார். எழுந்து அஞ்சலீனாவுக்குக் கிட்ட வந்து, தாலியைத் தொடாமல், குனிந்து பார்த்தார். சிறகைப் பார்த்தார். கீழே இருந்த கதிர்க் கோடுகளைப் பார்த்தார்.

"சான்தெஸ்ப்ரி," என்றார் மெதுவாக. பரிசுத்த ஆவி.

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நான் சைவன், புறா எதற்கு அடையாளம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தது சொல் மட்டும்தான். ஆனால் இந்த மண்ணில் பிறந்து, சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த அந்த மனுசிக்கு, கொலோம்ப் என்ற சொல்லோடு கோவில் முழுவதும் வந்துவிட்டது.

அவர் திரும்பிப் போய் இருந்தார். சிரிப்புப் போய்விட்டது, ஆனால் கோபமும் இல்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"என் அம்மாவுக்கு ஒன்பது பிள்ளைகள். ஏழாவதோடு போதும் என்று டாக்டர் சொன்னார். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து, போதாது என்றார். அம்மாவுக்குப் பாவமன்னிப்புத் தர மாட்டேன் என்றும் சொன்னார். ஒன்பதாவது நான். நான் பிறந்த பிறகு அம்மா கட்டிலைவிட்டு எழும்பவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே இந்தப் பறவைதான் தொங்கியது. இதே சிறகு, இதே கதிர்." படிவத்தை மேசையில் நேராக வைத்தார். "பிள்ளைகளுக்கு முன்னால் இனி அந்தப் பறவை வேண்டாம் என்று இந்த ஊர் முடிவெடுத்திருக்கிறது. எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அஞ்சலீனா. ஆனால் இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதது போல நான் புள்ளடி போட முடியாது."

நான் என்னென்னவோ சொன்னேன். இது திருமண அடையாளம், மோதிரம் போல என்றேன். அப்படியானால் மோதிரம் போடட்டும் என்றார். இதே சங்கிலியில் ஒரு இதயத்தையோ பூவையோ கோக்கலாமே என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன், அதற்கும் வழியில்லை.

அஞ்சலீனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"அண்ணை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. எங்கட ஊரில புருசன் செத்தால் தாலியைக் கழட்டி அவரோட பெட்டிக்குள்ள வைச்சு அனுப்புறது. எனக்குப் பெட்டி வரேல்லை. நான் கழட்டி எதுக்குள்ள வைக்க?"

அப்படியே சொன்னேன். சவப்பெட்டிக்குச் சரியான சொல்லைப் போட்டு, இலக்கணம் பிசகாமல் சொன்னேன். மதாம் தெரியோ யன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பிள்ளைகள் பனியில் உருண்டுகொண்டிருந்தார்கள்.

"ஊழியர் அறையில் உங்களுக்குப் பூட்டோடு ஒரு பெட்டி தருகிறேன்," என்றார் கடைசியில். "காலையில் வைத்துவிட்டு மாலையில் எடுத்துக்கொள்ளலாம். ஏழு மணித்தியாலம்தானே."

யோசிக்கப் பத்து நாள் தந்தார். வேண்டாம் என்றால் பழையபடி கூப்பிடுகிற ஆளாக இருக்கலாம், ஆனால் அந்தப் பட்டியல் இந்தக் கோடையோடு மூடுகிறது என்றும் சொன்னார்.

பஸ் தரிப்பில் நிற்கும்போது அஞ்சலீனா கேட்டாள்.

"கொலோம்ப் எண்டால் என்ன அண்ணை?"

"புறா."

"அப்ப பிஜோன்?"

"அதுவும் புறாதான்."

"பிறகு என்ன வித்தியாசம்?"

சொன்னேன். ஒன்று பல்கணிப் புறா, மற்றது வெள்ளைப் புறா. அவள் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு, கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டினாள்.

"எனக்குப் பல்கணிப் புறாவே போதுமாயிருந்தது," என்றாள். என் முகத்தைப் பார்த்திருப்பாள் போல. உடனே சேர்த்துச் சொன்னாள். "நீங்கள் பிழையாச் சொல்லேல்லை அண்ணை. சரியாத்தான் சொன்னீங்கள்."

அவள் கன்னத்தில் இரண்டு அறை தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டில் ஜெகதீஸ்வரி அதைச் செய்தாள், கையால் அல்ல. நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஒரு சொல்லை விழுங்கியிருந்தால் செத்தே போயிருப்பீங்கள்?" என்றாள். சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். என்னோடு நாலு நாள் கதைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, அந்தக் கடிதத்தில் வேறு வழி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க அஞ்சலீனா என்னைக் கீழே கூப்பிட்டாள். மெலனியும் இருந்தாள். இருபத்தொரு வயது, தாதிப் படிப்பு இரண்டாம் வருடம். தாயைப் போலவே நெடுத்த பிள்ளை. அவளுக்குப் பிரெஞ்சுதான் ஓடி வரும். தாய்க்காகத் தமிழில் கதைப்பாள்.

"கழட்டுங்கோ அம்மா. என்ன இப்ப? என்ர வகுப்பில கனபேர் வேலைக்காக எல்லாம் கழட்டி வைக்கினம்."

"அது வேற, இது வேற."

"என்ன வேற? பதினாறு வருசம். எனக்கு அவற்ற முகம் படத்திலதான் தெரியும். நீங்கள் ஒரு பொன் துண்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். அவர் வரமாட்டார் அம்மா."

"அப்பிடிச் சொல்லாதை."

"நான் சொல்லாட்டி வந்திடுவாரே? நான் எப்பவோ எழுதிக் குடுத்திட்டன்."

"என்ன எழுதினனி?"

மெலனி ஒருமுறை என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"கல்லூரிப் படிவத்தில. தகப்பன் இறந்திட்டார் எண்டு. இரவி அங்கிள்தான் அப்பிடிப் போடச் சொன்னவர்."

உண்மை. நாலு வருடத்துக்கு முந்திய கதை. அந்தப் படிவத்தில் தகப்பனுக்கு மூன்று கட்டம் இருந்தது: உயிரோடு இருக்கிறார், காலமானார், யாரென்று தெரியாது. காணாமல் போனவருக்குக் கட்டம் இல்லை. உயிரோடு என்று போட்டால் அவருடைய கையெழுத்துக் கேட்பார்கள். யாரென்று தெரியாது என்று போடுவது அந்தத் தாய்க்கு இழுக்கு. ஆகவே நடுவில் இருந்த கட்டத்தில் பென்சிலால் புள்ளடி போட்டு, "இதில போடு பிள்ளை, கரைச்சல் வராது," என்றேன். அதைச் செய்ய எனக்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பருப்பும் சோறும் சாப்பிட்டிருப்பேன்.

"ஓமோ அண்ணை?" என்று கேட்டாள் அஞ்சலீனா.

"ஓம்," என்றேன்.

"எத்தினை வருசம்?"

"நாலு."

அவள் சத்தம் போடவில்லை. "நாலு வருசமாய் இந்த வீட்டுக்குள்ள ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை," என்று மட்டும் சொன்னாள். எழுந்து குசினிக்குப் போனாள். தேயிலைப் போத்தல் திறக்கிற சத்தமும் தண்ணீர் கொதிக்கிற சத்தமும் கேட்டன. மெலனி அழத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அஞ்சலீனா மூன்று கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து, முதலாவதை எனக்குத் தந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு முகம் இருக்கவில்லை. குடித்தேன். அவமானத்தோடு குடித்தேன்.

பத்து நாள் தவணை முடிந்த திங்கட்கிழமை அவள் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். என்னிடம் கொண்டுவரவில்லை. எங்கே வைப்பது என்று அவளுக்கு இப்போது தெரியும்.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை அவளை நான் படிக்கட்டில் கண்டதோடு சரி. தலையாட்டுவாள். கதை எல்லாம் ஜெகதீஸ்வரிக்குத்தான். காலை பதினொன்றரைக்கு ஊழியர் அறையில் சங்கிலியைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவாளாம். மாலை ஆறரைக்குக் கடைசிப் பிள்ளையும் போன பிறகு திறந்து எடுத்துப் போடுவாளாம். முதல்நாள் பிள்ளைகள் பிஜோன் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். குளிருக்குப் பறந்து போய்விட்டது என்று சொல்லியிருக்கிறாள். வசந்தத்தில் வருமா என்று அந்தச் சின்னப் பெண் கேட்டதாம். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று ஜெகதீஸ்வரி எனக்குச் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தின் மூன்றாம் சனிக்கிழமை மத்தியானம் அவள் எங்கள் கதவைத் தட்டினாள். கையில் கோவில் அலுவலகத்தில் தந்த ஒரு மஞ்சள் துண்டு இருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாள் அது. ஜெகதீஸ்வரிதான் முதலில் கண்டாள்.

"தாலி எங்க பிள்ளை?"

"பள்ளிக்கூடத்துப் பெட்டிக்குள்ள கிடக்கக்கா. இனி எடுக்கேல்லை."

கதிரையில் இருந்தாள். மஞ்சள் துண்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒவ்வொரு நாளும் அவரைச் சாகக்குடுத்துப்போட்டுப் போய்ப் பிள்ளையளுக்குச் சப்பாத்துக் கொழுவுறன். பின்னேரம் வந்து உயிர்ப்பிக்கிறன். அடுத்த நாள் திரும்பவும். எனக்கு ஏலாது அக்கா. ஒருக்கால் சாகட்டும்."

ஜெகதீஸ்வரி அவளுடைய தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அஞ்சலீனா மஞ்சள் துண்டை என் பக்கம் தள்ளினாள். இறந்தவருக்குப் பூசை கேட்கிற துண்டு. இறந்தவர் பெயர், இறந்த திகதி, கேட்பவர் பெயர், கையெழுத்து. நாலே வரி, மெலனியோ அவளோ நிரப்பியிருக்கலாம். ஏன் என்னிடம் கொண்டுவந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். மடையன்.

"பேர்?"

"நீக்கிலாப்பிள்ளை கிறகரி."

பெயரை எழுதினேன். திகதிக்கு வந்தபோது கேட்காமலே எழுதத் தொடங்கினேன். பதினேழு என்று எழுதி, மே மாதத்தின் முதலெழுத்தை வைக்கும்போது அவள் கையை நீட்டிக் கடதாசியின் மேல் வைத்தாள்.

"அண்டைக்கு அவர் உயிரோட பஸ் ஏறினவர் அண்ணை. யன்னலால கையைக் காட்டினவர். நான் என்ர கண்ணால கண்டனான்."

"அப்ப என்ன திகதி போட?"

"நாங்கள் ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போனது என்ன திகதி?"

எனக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. அவளுக்கும் ஞாபகம் இருந்தது. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான் என் வாயால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

"தை இருபத்திரண்டு," என்றேன்.

"அதைப் போடுங்கோ."

பதினேழை வெட்டிவிட்டு எழுதினேன். மாதத்தைப் பிரெஞ்சில் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன். வருடத்துக்கு இந்த வருடத்தைப் போட்டேன். எழுத்து வடிவாகத்தான் வந்தது. பழக்கதோசம், கையெழுத்து வைக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி போட்டுத் துண்டை அவளிடம் திருப்பினேன்.

அவள் என் பேனாவை வாங்கி, அந்தப் புள்ளடிக்கு மேலே கையெழுத்து வைத்தாள்.